பதினோரு கிலோ கால்

முழங்கால் அறுவை சிகிச்சை தொடங்கும் முன் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சின்ன வேலை நடக்கும். மயக்க மருந்து கொடுத்தாயிற்று. இனி நோயாளியின் காலைத் தொடையிலிருந்து பாதம்வரை கிருமிநாசினி தடவிச் சுத்தம் செய்ய வேண்டும். சுற்றிலும் தடவ வேண்டுமென்றால் கால் அந்தரத்தில் நிற்க வேண்டும். மரத்துப்போன கால் தானாக நிற்காது. ஒரு நர்ஸோ அட்டெண்டரோ குதிகாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்பார். மருந்து தடவிய இடத்தில் தன் உடை பட்டுவிடக் கூடாது என்பதால் மேசையை விட்டு விலகி, கையை நீட்டி, இடுப்பைச் சற்று வளைத்து நிற்பார். தடவி முடித்துத் துணி போர்த்தும்வரை சில நிமிடங்கள் அப்படியே.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கால் ஏறத்தாழ 11 கிலோ இருக்கும்.

தூத்துக்குடி எதையும் நிறுத்துப் பார்த்தே பழகிய ஊர். துறைமுகத்துக்குள் போகும் லாரி எடைமேடையில் ஏறி இறங்குகிறது. உப்பளத்தில் மூட்டைக்குக் கணக்கு. மீனுக்கு ஏலக்கூடத்தில் தராசு. ஒரு காலத்தில் இதே கடற்கரையில் முத்தை மஞ்சாடிக் கணக்கில் நிறுத்தார்கள். இங்கே துறைமுகத்தில் சுமக்கிறவரின் முதுகைப் பற்றியும், உப்பளத்தில் விடியுமுன்னே குனிந்து உப்பு வாருகிறவரின் இடுப்பைப் பற்றியும் யாராவது எப்போதாவது பேசுகிறார்கள். அந்த முதுகுகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்குள், பச்சை உடைக்கும் முகமூடிக்கும் பின்னால் இருக்கும் முதுகுகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அந்தப் பதினோரு கிலோவை நிறுத்துப் பார்க்கவும் ஆளில்லை.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலின் எடையில் பாதிக்கு மேல் நோயாளியின் இடுப்பு மூட்டே தாங்கிவிடும். குதிகாலைப் பிடித்திருப்பவர் கையில் வருவது சுமார் 5 கிலோ. இது பெரிய பாரமா என்று தோன்றும். ஆனால் அது நீட்டிய கையின் நுனியில் இருக்கிறது. முதுகெலும்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி. அதைச் சமன் செய்ய வேண்டிய முதுகுத் தசைகளோ எலும்புக்குப் பின்னால் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் உள்ள நெம்புகோல் இது. பத்துக்கு ஒன்று என்ற விகிதம். எனவே கையிலுள்ள 5 கிலோவுக்குத் தசை 50 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். இதோடு அவருடைய சொந்த உடம்பும் முன்னால் சாய்ந்திருக்கிறது. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் தலை, கைகள், மார்பு எல்லாம் சேர்ந்தால் 33 கிலோ வரும். அது பத்து சென்டிமீட்டர் முன்னே சாய்ந்தால் தசைக்கு மேலும் 66 கிலோ வேலை. தசை இழுக்கும் இந்த 116 கிலோவும், மேலிருந்து நேராக அழுத்தும் 38 கிலோவும் கீழ் முதுகின் ஒரே ஒரு ஜவ்வின் மேல் சேர்ந்து இறங்குகின்றன. மூன்று சிமென்ட் மூட்டை எடை.

ஜவ்வு என்று நம் ஊரில் சொல்வதைத்தான் மருத்துவர்கள் டிஸ்க் என்கிறார்கள். இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே, வெளியே நார் வளையமும் உள்ளே நீர் நிறைந்த கூழுமாக இருக்கும் மெத்தை. அதற்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை மனிதன் உயிரோடு நடமாடும்போதே அளந்துவிட்டார்கள். சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அளந்தார். 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள், ஆரோக்கியமான ஒரு தன்னார்வலரின் கீழ் முதுகு ஜவ்வில் ஒரு சிறு உணரியைப் பதித்து, அவர் படுப்பது, நிற்பது, குனிவது, தூக்குவது எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. முன்னால் குனிந்தால் 1.1. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. காரின் டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தம் 0.2 மெகாபாஸ்கல் சொச்சம்தான். வெறுமனே குனிந்து நிற்கும் மனிதனின் ஜவ்வுக்குள் அதைப்போல் ஐந்து மடங்கு அழுத்தம் இருக்கிறது.

ஆனாலும் நம் முதுகு வலுவானது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், கீழ் முதுகின் மேல் 3,400 நியூட்டன் வரை, அதாவது சுமார் 350 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வரை, பெரும்பாலோர் தாங்குவார்கள் என்று வரம்பு வைத்திருக்கிறது. காலைப் பிடித்த நர்ஸின் முதுகில் இறங்கும் 150 கிலோ அதில் பாதிகூட இல்லை. அப்படியிருக்க ஏன் வலிக்க வேண்டும்?

அசையாமல் நிற்பதால் வலிக்கிறது.

ஜவ்வுக்கு நேரடியாக ரத்தக் குழாய் கிடையாது. வளர்ந்த மனித உடம்பில் ரத்த ஓட்டமே இல்லாத மிகப் பெரிய உறுப்புகளில் அது ஒன்று. அதற்கு வேண்டிய சத்து, மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வர வேண்டும். நாம் நடக்கும்போது, புரளும்போது, படுத்து எழும்போது பஞ்சு போல் நீரை விடுவதும் உறிஞ்சுவதுமாக அது பிழைத்துக்கொள்கிறது. பகலெல்லாம் நீர் பிழியப்படுவதால்தான் இரவில் நாம் காலையில் இருந்ததைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையாகிவிடுகிறோம். உல்ம் ஆய்வில் அந்தத் தன்னார்வலர் தூங்கிக்கொண்டிருந்த ஏழு மணி நேரத்தில் ஜவ்வின் அழுத்தம் 0.1இலிருந்து 0.24க்கு ஏறியது. இரவில் ஜவ்வு தண்ணீர் குடிக்கிறது. நீண்ட அறுவையில் நான்கு மணி நேரம் ஒரே கோணத்தில் குனிந்து நின்றால் அதற்குக் குடிக்கவும் வழியில்லை.

தசையின் கதியும் அதுதான். சுருங்கியபடியே நிற்கும் தசை தனக்குள் ஓடும் நுண்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. ரத்தம் குறைகிறது, கழிவு தங்குகிறது, எரிச்சலும் பிடிப்பும் வருகின்றன. தசை சோர்ந்தபிறகு பாரம் தசைநார்களுக்குப் போகிறது. கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் 1992இல் வெளியிட்ட ஆய்வில், இருபது நிமிடம் முழுக்கக் குனிந்திருந்தவர்களின் முதுகு தளர்ந்துபோனது. நிமிர்ந்த இரண்டு நிமிடத்தில் இழந்த விறைப்பில் பாதிதான் திரும்பியது. அரை மணி நேரம் கழித்தும் கொஞ்சம் தளர்வு மிச்சமிருந்தது. அந்தத் தளர்ந்த நேரத்தில்தான் அடுத்த பாரத்தைத் தூக்கச் சொல்கிறோம். கேஸ் முடிந்த கையோடு நோயாளியை மேசையிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டுமல்லவா? முதுகு மிகவும் பலவீனமாக இருக்கும் தருணமும், மிகப் பெரிய பாரம் வரும் தருணமும் தியேட்டரில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

அறுவை மருத்துவர்களைப் பொறுத்தவரை கணக்கு ஓரளவு தெளிவாக இருக்கிறது. 21 ஆய்வுகளில் இடம்பெற்ற 5,828 மருத்துவர்களின் தரவுகளைத் தொகுத்து 2018இல் ஜாமா சர்ஜரி இதழில் ஒரு கட்டுரை வந்தது. கீழ் முதுகெலும்புத் தேய்மானம் 19 சதவீதம் பேருக்கு. கழுத்தெலும்புத் தேய்மானம் 17 சதவீதம் பேருக்கு. தோள் தசைநார் பாதிப்பு 18 சதவீதம் பேருக்கு. இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் 12 சதவீதத்தினர் விடுப்பு எடுக்கவோ, வேலையைக் குறைக்கவோ, முன்கூட்டியே ஓய்வு பெறவோ நேர்ந்திருக்கிறது. பதினைந்து வருடம் படித்துப் பழகிய ஒரு கை, கை நன்றாக இருக்கும்போதே, முதுகால் நின்றுபோகிறது. அந்தக் கைக்காகக் காத்திருக்கும் நோயாளிகளின் வரிசை அப்படியேதான் இருக்கிறது. முதுகுவலியை மருத்துவரின் சொந்தச் சிரமமாக மட்டும் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

துளை வழியே செய்யும் அறுவையான லேப்ராஸ்கோப்பி வந்தபோது பாரம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இந்தியாவில் பித்தப்பையை இந்த முறையில் முதலில் அகற்றியவர் மும்பையின் தெஹெம்டன் உத்வாடியா, ஆண்டு 1990. சின்னத் துளை, குறைந்த வலி, சீக்கிரம் வீட்டுக்கு. நோயாளிக்குக் கிடைத்த சுகம் உண்மையானது. ஆனால் நீளக் கம்பிக் கருவிகள் வயிற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் கையை உயர்த்தியபடியே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கண் திரையில், கை வேறு திசையில், கால் மிதிகட்டையில். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் அட்ரியன் பார்க் குழுவினர் 2010இல் 317 மருத்துவர்களிடம் கேட்டபோது, 87 சதவீதம் பேர் உடல் உபாதை இருப்பதாகச் சொன்னார்கள். இந்த முறைக்கு மேசை தரையிலிருந்து 64 முதல் 77 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதே நல்லது என்று ஓர் ஆய்வு 2002இல் காட்டியது. திறந்த அறுவைக்கென்று செய்யப்பட்ட மேசைகள் பல அவ்வளவு கீழே இறங்குவதில்லை. உயரம் குறைந்த பெண் மருத்துவர், எதிரே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் இருவருக்கும் நாள் முழுவதும் தோள் தூக்கியே இருக்கும். காலடியில் ஒரு படிமேடை போட்டால் தீரும் விஷயம் இது. மேசையை அங்கிருப்பவர்களில் உயரமானவருக்கு ஏற்றபடி வைத்து, மற்றவர்களுக்கு மேடை போட வேண்டும். ஒரு தச்சர் அரை நாளில் செய்து தரக்கூடிய பொருள் அது. கழுவ வசதியாக எஃகில் வேண்டுமென்றால் ஒரு வெல்டிங் பட்டறை போதும்.

ஈய ஏப்ரனையும் மறந்துவிடக் கூடாது. எலும்பு முறிவுக்குக் கம்பி வைக்கும்போதும் இதயக் குழாய் அடைப்பை நீக்கும்போதும் எக்ஸ்ரே ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து காக்க ஐந்து முதல் ஏழு கிலோ வரை எடையுள்ள கவசத்தை மாட்டிக்கொள்ள வேண்டும். தோளிலிருந்து தொங்கும்போது முழு எடையும் முதுகெலும்பு வழியாகவே இறங்கும். 1997இல் அமெரிக்காவில் இதய மருத்துவர்களின் முதுகை மற்றத் துறை மருத்துவர்களோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வுக்குப் பிறகு, இந்த வேலையால் வரும் ஜவ்வு நோய்க்குத் தனிப் பெயரே வந்துவிட்டது. மேலங்கி, பாவாடை என்று இரண்டாகப் பிரித்து, இடுப்பில் இறுக்கி அணியும் கவசத்தில் பாரத்தின் ஒரு பகுதி இடுப்பெலும்புக்குப் போய்விடும்.

இப்போது நர்ஸ்கள். இங்கேதான் மனம் கனக்கிறது. மருத்துவர் ஒரு கேஸ் முடித்து வெளியே போய்க் காபி குடித்துவிட்டு அடுத்ததற்கு வரலாம். ஸ்க்ரப் நர்ஸ் அந்த நேரத்தில் கருவிகளை எண்ணிக்கொண்டிருப்பார். இன்னொருவர் அடுத்த டிரேயைத் தூக்கி வந்துகொண்டிருப்பார். மூட்டு மாற்றுக்கு வரும் எஃகுக் கருவி டிரேக்கள் அடுக்கடுக்காக இருக்கும். அமெரிக்காவில் ஒரு டிரே 25 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 11 கிலோவுக்கு, மேல் போகக் கூடாதென்று தரநிலை வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு அறுவை அரங்கு நர்ஸ்களின் சங்கம், இடைவெளியோ களைப்பைக் குறைக்கும் ஏற்பாடோ இல்லாமல் தொடர்ந்து நிற்பதற்கு இரண்டு மணி நேரம் என்றும், ஈய ஏப்ரனோடு என்றால் ஒரு மணி நேரம் என்றும் எல்லை போட்டிருக்கிறது. நம்முடைய தியேட்டர்களில் காலை எட்டு மணிக்கு நிற்கத் தொடங்கிய சிஸ்டர் மதியம்வரை சுவரில் சாயக்கூட முடிவதில்லை. சாய்ந்தால் உடையின் ஸ்டெரைல், அதாவது கிருமியற்ற நிலை, போய்விடும்.

நோயாளியை மாற்றும் பாரத்துக்குத் தனி அறிவியல் உண்டு. கைப்பிடியுள்ள பெட்டி என்றால், எல்லாச் சூழலும் சரியாக இருக்கும் பட்சத்தில் 23 கிலோ வரை தூக்கலாம் என்பது நியோஷ் 1991இல் தந்த கணக்கு. ஆனால் மனித உடம்புக்குக் கைப்பிடி கிடையாது. அது வளையும், சரியும், குழாய்களோடும் வயர்களோடும் வரும். ஆகவே நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அதே நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் சொன்ன வரம்பு 35 பவுண்டு. நம் அளவில் 16 கிலோ. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர் போன்ற ஆண் தொழிலாளர்களுக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்த உச்ச அளவு 55 கிலோ. தூத்துக்குடித் துறைமுகம் கன்டெய்னருக்கும் கிரேனுக்கும் மாறியபோது பெரும்பாலான மூட்டைகள் மனித முதுகிலிருந்து இறங்கிவிட்டன. மருத்துவமனையில் மயங்கிக் கிடக்கும் மனிதர்களை இன்றும் நாலு பேர் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இழுக்கிறார்கள். வழுக்கும் மாற்றுப்பலகை ஒன்று இருந்தால் தூக்கும் வேலை தள்ளும் வேலையாகிவிடும். அதன் விலை அறுவைக் கருவிகளின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வேலைக்கு ஏற்ப உடம்பை வளைக்காமல் உடம்புக்கு ஏற்ப வேலையை வளைத்த ஓர் அறுவை மருத்துவரை இந்தத் தூத்துக்குடி மாவட்டமே தந்திருக்கிறது. எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து ராணுவ மருத்துவராகச் சேர்ந்தவர். முப்பது வயதில் முடக்குவாதம் அவரை வீழ்த்தியது. மாதக்கணக்கில் படுக்கை, விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. அப்படிப்பட்ட கைகளோடு கண் மருத்துவம் படித்து, தன் விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கண்புரை அறுவை செய்யத் தொடங்கினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். 1976இல், பணி ஓய்வுக்குப் பிறகு, மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கிளை இன்று தூத்துக்குடியிலும் இருக்கிறது. அரவிந்தின் அரங்கில் இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒருவருக்கு அறுவை முடியும்போதே அடுத்தவர் தயாராக இருப்பார். மைக்ராஸ்கோப் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திரும்பும். வீண் அசைவு, வீண் தூக்கல் எல்லாம் குறைக்கப்பட்ட அமைப்பு. மைக்ராஸ்கோப்புக்குள் மணிக்கணக்காகப் பார்க்கும் கண் மருத்துவர்களுக்கும் கழுத்துவலியும் முதுகுவலியும் உண்டு. அங்கேயும் இடைவெளி தேவைதான். ஆனால் பொருத்தமில்லாத கருவியால்தான் கை தோற்கிறது, கருவியை மாற்று என்று அந்த மனிதர் எடுத்த முடிவு, ஒவ்வொரு தியேட்டருக்கும் பொருந்தும்.

இடைவெளியைப் பற்றியும் இந்தக் கடற்கரைக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு பெரிய அளவில் நடக்கவில்லை. அதன் பழைய முறையை, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியான தம் இலங்கை நூலில் விவரித்திருக்கிறார். ஒரு படகில் பத்துக் குளியாளிகள். ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்குவார்கள்; மற்ற ஐவர் மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் ஏறியதும் அவர்கள் இறங்குவார்கள். கயிறு இழுக்கத் தனி ஆட்கள். பேராசை பிடித்த வியாபாரிகளும் வரி வாங்கும் அரசும் கரையில் காத்திருந்த தொழில் அது. அப்படியிருந்தும் பத்துப் பேரையும் ஒரேயடியாகக் கடலில் இறக்க ஒருவரும் துணியவில்லை. ஓய்வு அங்கே வேலையின் பாதியாகவே இருந்தது.

தியேட்டரிலும் இப்படி ஓய்வு விட்டு வேலை செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவப் பள்ளியில், குழந்தைகளுக்குச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் 25 நிமிட வேலைக்கு ஒருமுறை 5 நிமிடம் நிறுத்தினார்கள். 2011இல் வெளியான முடிவுகளின்படி மருத்துவர்களின் உடம்பில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் 22 சதவீதம் குறைந்தது. மொத்த அறுவை நேரம் கூடவில்லை. அட்ரியன் பார்க் குழு 2017இல் இன்னும் சின்ன இடைவெளியை முயன்றது. இருபது முதல் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை, ஸ்டெரைல் உடையைக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே ஒன்றரை நிமிடம் கழுத்து, தோள், இடுப்பை நீட்டி மடக்கும் பயிற்சி. 66 மருத்துவர்களில் 57 சதவீதம் பேர் உடல் திறன் மேம்பட்டது என்றார்கள். 38 சதவீதம் பேர் கவனம் கூர்மையானது என்றார்கள்.

பலனில்லாத சிலவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. இடுப்புப் பட்டை முதுகுவலி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எப்படித் தூக்குவது என்று வகுப்பெடுப்பதால் மட்டும் வலி குறைவதில்லை என்று காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. நன்றாகத் தூக்கத் தெரிந்தவருக்கும் பாரம் பாரமே. எம்ஆர்ஐயில் ஜவ்வு பிதுங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். வலியே இல்லாத இருபது வயதினரில் முப்பது சதவீதத்தினருக்கு அப்படி இருக்கிறது. நாள்கணக்கில் படுத்துக் கிடப்பது வலியை நீட்டிக்கவே செய்யும். முடிந்த அளவு நடமாடுவதே மருந்து. கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் பிரிவதில் கோளாறு வந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

உலகில் 2020இல் 61 கோடியே 90 லட்சம் பேருக்குக் கீழ் முதுகுவலி இருந்தது. மனிதர்களை முடக்கும் காரணங்களில் அதுவே முதலிடம். இவ்வளவு பெரிய எண்ணில் தியேட்டர் சிஸ்டரின் வலி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் புறநோயாளிப் பிரிவின் வாசலில் ஓர் எடை மெஷின் நிற்கிறது. ஒரே ஒரு நாள், முதல் கேஸுக்கு முன், அதைத் தியேட்டர் பக்கம் கொண்டுபோங்கள். கருவி டிரேயை அதில் வையுங்கள். ஈய ஏப்ரனை வையுங்கள். காலைப் பிடித்து நிற்கும் சிஸ்டரிடம் எத்தனை நிமிடம் பிடித்தார் என்று கேளுங்கள். அந்த எண்களைத் தியேட்டர் கதவில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த வாரப் பட்டியல் போடும்போது கால் வைக்க ஒரு தாங்கியும், ஒரு மாற்றுப்பலகையும், இரண்டு படிமேடையும், ஒவ்வொரு நீண்ட கேஸின் நடுவிலும் ஒன்றரை நிமிடமும் அதில் சேர்ந்திருக்கட்டும்.